கில்பியை விட்டு நாங்கள் ஏன் நகரவில்லை

கில்பி, மொன்டானா
செப்டம்பர், கோதுமை அறுப்பு முடிகிற வாரம்

மதிப்பிற்குரிய வெண்டல் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய டெல்மர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆர்டிஸும் சுகம். எங்கள் கேரவன் வண்டி மட்டும் கூரையில் ஓட்டையோடு அரைச் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. இவ்வளவு தூரம் மூச்சு வாங்காமல் திட்ட முடிகிற மனிதருக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இருக்காது என்று உங்கள் கடிதத்தை வாசித்ததுமே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கடிதத்தை இந்த ஊர்த் தபாலாபீஸ் அம்மாள் வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "யாரோ உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காங்க போல, விலாசத்தையே பேனாவ அழுத்தி அழுத்தி எழுதியிருக்காங்க" என்றாள். "என் மச்சான்" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டாள். நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான். கோடை தொடங்கும்போது விஸ்கான்சினில் கிளம்பியவர்கள் இன்னும் ஏன் ஓரிகான் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. பத்து வீடும் ஒரு தானியக் கிடங்கும் இருந்தால் போதும் என்று கண்ட பட்டிக்காட்டிலும் வண்டியை நிறுத்தி, கடலே பார்க்காத உங்கள் தங்கையை ஏன் இப்படி வதைக்கிறேன். கடலைப் பார்த்த பால்கனியோடு நீங்கள் அவளுக்காகச் சொல்லிவைத்திருக்கும் முதியோர் குடியிருப்பு வீடு, அக்டோபர் பிறந்தால் வேறு யாருக்கோ போய்விடும் என்பது என் மண்டையில் ஏறியதா இல்லையா. ஏறியது மச்சான். பதில் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள், கடைசி வரை வராது.

ஆமாம், நிற்கிறேன். எல்லா ஊரிலும் நிற்கிறேன். நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் சில நாளில் கடல் வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கிடங்கின் கோபுரம் தெரிகிறது, அதன் அடியில் ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரில் என்ன விதைத்திருக்கிறார்கள், மழை பெய்ததா, வைக்கோல் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளாமல் எப்படிப் போவது. வாழ்நாள் முழுக்கப் பக்கத்து வயலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மட்டுமே பார்த்த எனக்கு, இப்போதுதான் அடுத்தவன் வயலுக்குள் இறங்கிப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. வடக்கு டகோட்டாவில் ஒரு ஊருக்கு வெளியே புல்லை அறுத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். இறங்கிப் போய் ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தேன். அதற்குள் ஒரு பெண் லாரியில் வந்து நின்று, "எங்க வயல்ல என்ன தேடுறீங்க?" என்றாள். "இன்னும் ஈரம் இருக்கு தாயி, இன்னைக்குக் கட்டாதீங்க, உள்ள புழுங்கிரும்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதத்தான் காலையிலருந்து எங்கப்பாகிட்ட சொல்லிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்கிறாரு. வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க" என்று வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். அப்பனும் நானும் சாயங்காலம் வரை சண்டை போட்டோம், நல்ல மனுஷன், வறுத்த கோழி போட்டார். அன்றைக்கு நாங்கள் கடலை நோக்கிப் போன தூரம் அந்த வயலின் நீளம்தான்.

அடுத்த ஊரில் வண்டியைப் பூட்டாமல் சர்ச்சுக்குப் போனோம். நம் ஊரில் எவன் பூட்டினான், அந்தப் பழக்கம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் படுக்கையில் தலையணைக்குத் தலையணை சீமைச் சுரைக்காய் படுத்திருக்கிறது. இந்த வருஷம் விளைச்சல் அதிகம், ஊரில் வாங்கிக்கொள்ள ஆளில்லை, பூட்டாத வண்டி ஒன்று கிடைத்ததும் ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "ஏங்க, இதுல நம்ம எடம் எது?" என்று கேட்டாள் ஆர்டிஸ். மொன்டானா எல்லை வரை அதையேதான் தின்றோம், பொரித்தும் ரொட்டியில் போட்டும் தின்றோம். உங்களுக்கும் கொண்டுவரலாம் என்றுதான் இருந்தேன்.

இனி கில்பி. இங்கே நாங்கள் மாட்டிக்கொண்டதற்குக் காரணமே நீங்கள்தான் மச்சான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் அளவுக்கு மீறிச் சாமான் ஏற்றியிருக்கிறேன், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உங்கள் தங்கையோடு பள்ளத்தில் போய் விழுவேன் என்று ஜூன் மாதமே எழுதியிருந்தீர்கள் இல்லையா. அந்தப் பேச்சு என் தொண்டையில் முள்ளாக நின்றது. கில்பியின் ஒரே காபிக்கடையில் காலையில் விவசாயிகள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள், தோற்றவன் தலையில் எல்லோருடைய காபியும் விழும். நானும் போய் உட்கார்ந்தேன். மெர்ல் ஜண்ட் என்று கோதுமைக்காரர் ஒருவர், "பெரியவருக்கு எந்த ஊரு?" என்றார். "விஸ்கான்சின். பால்மாடு வச்சிருந்தோம், இப்ப வித்தாச்சு" என்றேன். "பால்மாடா? அப்ப சிறையிலருந்து நேரா இங்கதான் வர்றீங்கன்னு சொல்லுங்க" என்றார். மேஜையே சிரித்தது, நானும் சிரித்தேன், உண்மை என்றால் சிரித்துத்தானே ஆகவேண்டும். பேச்சோடு பேச்சாக உங்கள் கடித விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போயி எதுக்கு மச்சானோட மல்லுக்கட்டுறீங்க? கெடங்குல லாரிய எட போடுற மேட இருக்கு. ஏத்தி நிறுத்துங்க. என்ன எட காட்டுதோ அத எழுதி அனுப்புங்க, மனுஷன் வாய மூடிருவாரு" என்றார் மெர்ல்.

அறுப்புக் காலம். கிடங்கு வாசலில் கோதுமை லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் எங்கள் வண்டி. வரிசை நகர நேரமாகும் என்று தெரிந்ததும் ஆர்டிஸ் பின்னால் போய் அடுப்படியில் ‘பை’ பலகாரத்துக்கு மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள், சும்மா உட்காரத் தெரியாத பிறவி. புளித்த பாலேட்டில் திராட்சை போட்டு அவள் செய்வாளே, அது. மேடையில் லாரி ஏறி நின்றால் இந்த மாதிரிக் கிடங்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு மறந்திருக்கும். மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்போமே, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு பிடியை இழுப்பான். மேலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு வந்து, லாரித் தானியத்துக்குள் நீளக் குழாயைச் சொருகி, மாதிரியை உறிஞ்சி அறைக்குள் அனுப்பும். ஈரம் எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்த ஆளுக்குக் கர்ட் என்று பெயர். விடிந்ததிலிருந்து லாரிக்குப் பின் லாரியாகப் பார்த்து அலுத்துப்போய், மேடையில் என்ன நிற்கிறது என்று பார்ப்பதையே அவன் விட்டுவிட்டிருந்தான். மேடை அசைந்தால் கை தானாகப் பிடிக்குப் போகும்.

எங்கள் அடுப்படிக்கு நேர் மேலே, கூரையில் காற்றுப் போக ஒரு சதுர மூடி உண்டு. சூட்டுக்கு அதைத் திறந்து வைத்திருந்தாள். நான் முன்னால் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் மூடி நொறுங்குகிற சத்தம், பிறகு ஆர்டிஸ் குரல். "ஏங்க, மேலருந்து ஒரு குழாய் வருது" என்றாள். பயந்த குரல் இல்லை, தகவல் சொல்கிற குரல். "என்ன குழாய்?" என்றேன். "எனக்கென்ன தெரியும், மாவுக்குள்ள வந்து நிக்குது" என்றாள். அடுத்த நொடி காது அடைக்கிற இரைச்சலோடு அந்தக் குழாய் அவள் மாவு, ஊறவைத்த திராட்சை, பக்கத்தில் கிடந்த சின்னக் கரண்டி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. பிறகு ஒலிபெருக்கியில் கர்ட் பேசினான்: "ஈரம் ரொம்ப ஜாஸ்தி. திராட்ச வேற கலந்து கெடக்கு. இத நாங்க எடுக்க முடியாது. எந்த வயல்ல அறுத்தது இது?"

ஆர்டிஸ் ஜன்னலைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினாள். முகமெல்லாம் மாவு. "என் அடுப்படியில அறுத்தது. கரண்டியத் திருப்பிக் குடு" என்றாள்.

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். கிடங்கு மேலாளர் லோரீன் வெளியே ஓடிவந்து எங்கள் கூரையைப் பார்த்தாள், கர்ட்டைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்து முடித்துவிட்டு மறுபடி வந்தாள். "தப்பு எங்க மேல. புது மூடி வந்து மாட்டுற வரைக்கும் நீங்க எங்க விருந்தாளி. கெடங்கு நெழல்லயே வண்டிய நிறுத்திக்குங்க, கரண்ட் இழுத்துத் தர்றேன்" என்றாள். எடை எவ்வளவு வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நான் இங்கே எழுதுவதாக இல்லை. மாவு போன பிறகு எடுத்த எடை, அது செல்லாது.

அன்று சாயங்காலத்துக்குள், வழிப்போக்கர் அம்மாவின் சாப்பாட்டை நம் கிடங்கு உறிஞ்சிவிட்டது என்று ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. வீட்டுக்கு ஒருத்தியாகக் கண்ணாடித் தட்டைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கறியும் உருளைக்கிழங்கும், சீஸ் போட்ட நூடுல்ஸும், தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் கொடுத்தவள் பெயரும். வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, அது உங்களுக்கும் தெரியும், கடற்கரைக்குப் போய் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஆர்டிஸ் ஒவ்வொன்றிலும் பை செய்து வைத்துக் கொடுத்தாள். பை நன்றாக இருந்தால் நன்றி சொல்ல இன்னொரு பாத்திரம் வரும். அவள் பை நன்றாக இல்லாமல் எப்போது இருந்திருக்கிறது. ஆக மூன்று பாத்திரம் போனால் நாலு வரும். போதாததற்கு நான் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப் போட்டேன், பெயர்கள் அத்தனையும் கழன்று தொட்டியில் மிதந்தன. சர்ச் கீழ்த்தளத்தில் மேஜை மேல் பரப்பி வைத்து, அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஒரே தட்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், இருவரும் நாத்தனார்கள், ஏற்கெனவே பேச்சுவார்த்தை கிடையாது. "அந்தத் தட்டு யாரோடதுன்னு முடிவாகுற வரைக்கும் நாம ஊர விட்டுக் கெளம்ப முடியாதுங்க, பின்னாடி நம்மளத்தான் பேசுவாங்க" என்றாள் ஆர்டிஸ். நியாயம்தானே. இன்னும் முடிவாகவில்லை.

இதற்கு நடுவில் மெர்ல் வீட்டில் லாரி ஓட்டுகிற மருமகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. வயல் பாதி அறுத்தபடி கிடக்கிறது, ரேடியோவில் ஆலங்கட்டி மழை என்கிறான். மெர்ல் எங்கள் வண்டிக் கதவைத் தட்டி, "பெரியவரே, லாரி ஓட்டுவீங்களா?" என்றார். பார்க்கலாம் என்று நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டிஸ் சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்துவிட்டாள். "இவரு பின்னாடி எடுத்தா உங்க கொட்டகை நிக்காது. சாவிய என்கிட்ட குடுங்க" என்றாள். மச்சான், உங்கள் தங்கை அந்த வயலின் கோதுமை முழுவதையும் கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னேன், ரோடு ஒன்றுதான் என்றாலும். கர்ட் இப்போதெல்லாம் அறையை விட்டு எழுந்து வந்து, லாரி மேல் ஏறிப் பார்த்த பிறகுதான் பிடியைத் தொடுகிறான். "அக்கா, உள்ள சமையல் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பான். "பாத்து எறக்கு தம்பி, பின்னாடி எங்க வீட்டுக்காரரு தூங்குறாரு" என்பாள் அவள். மழைக்கு முன்னால் கடைசி லாரி இறங்கியது. தலைமுடியெல்லாம் உமியும் தூசுமாக அவள் இறங்கி வந்தாள், வாய் நிறையச் சிரிப்பு. களைப்பில் சிரித்திருப்பாள். முதிய பெண்மணியை லாரி ஓட்ட வைத்தான் என்று உங்கள் குற்றச்சாட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வீட்டு விஷயம். நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளை இரண்டு பக்கமும் வாசித்தேன். படம் அழகு. வளாகத்துக்குள் கேரவன் நிறுத்த அனுமதியில்லை, ஆகவே வண்டியை விற்றுவிட்டு வரவேண்டும். சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள், மணிக்கு வராதவர்களைத் தேடி ஆள் வரும். மச்சான், விடிகாலையும் சாயங்காலமும் கறவை நேரம் தப்பக்கூடாது என்று, உங்கள் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே நாங்கள் எழுந்து ஓடினோம், நினைவிருக்கிறதா. உங்கள் அப்பா படுத்த வருஷம் அவருடைய மாடுகளையும் சேர்த்துக் கறந்தது உங்கள் தங்கை. நீங்கள் போர்ட்லண்டிலிருந்து போன் செய்து, எப்படிக் கறக்க வேண்டும் என்று சொன்னீர்கள். அப்போதும் அவள் சரி அண்ணா, சரி அண்ணா என்றுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் இதோடு எழுதிவிடுகிறேன். இப்போது மாடு இல்லை. மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டிய இன்னொரு இடத்தில் அவளைக் கொண்டுவந்து கட்டிப்போட எனக்கு மனசில்லை. மனசில்லை என்று சொல்வது நான். அவள் பாவம், கடல் கடல் என்றுதான் தவிக்கிறாள். தினமும் காலையில் மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். நான்தான் கல்நெஞ்சன், கேட்க மாட்டேன் என்கிறேன்.

ஆகவே திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், இன்னும் நாலு பக்கம் எழுதுங்கள், அவள் காதுக்கு ஒரு சொல்லும் போகவேண்டாம். கில்பியை விட்டு நாங்கள் ஒரு அடி நகரவில்லை. நகர்கிற அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்பதையும் நானே பார்த்துக்கொள்வேன். அடுத்த ஊரில் கிடங்கு தெரிந்தால் அங்கேயும் நிற்பேன். அதற்கடுத்த ஊரிலும் நிற்பேன். உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி பெவர்லி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலி குறையட்டும், இரத்த அழுத்தம் இறங்கட்டும், உங்கள் வீட்டுக் கூரை வழியாக எந்தக் குழாயும் இறங்காமல் ஆண்டவன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
என்றைக்கும் உங்கள் சொல் கேளாத மைத்துனன்
டெல்மர் ஹாகன்

பின்குறிப்பு: அண்ணா, இது ஆர்டிஸ். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், உறையை ஒட்டுமுன் வாசித்துவிட்டேன். ஒரு வரியையும் அடிக்கவில்லை. இவருக்கு இவ்வளவு பொய் சொல்ல வரும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கூரை எப்போதோ சரியாகிவிட்டது. நாங்கள் கில்பியை விட்டுக் கிளம்பிக் கடலுக்கும் வந்தோம். போன வாரம் உன் ஊர்க் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன். தண்ணீர் எலும்பு வரைக்கும் சில்லென்று ஏறியது. கொஞ்சம் அழுதேன். நன்றாக இருந்தது, அப்புறம் பசித்தது. பிறகு உன் தெருவுக்கு வந்தோம், வண்டி ஓட்டியது நான். நீ வீட்டு முன்னால் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாய், தலைமுடி ரொம்பக் கொட்டிவிட்டது உனக்கு. "நிறுத்து ஆர்டிஸ், உங்கண்ணன் நிக்கிறாரு, ஒரு வார்த்த பேசிட்டுப் போவோம்" என்று இவர் கெஞ்சினார். நிறுத்தியிருந்தால் நீ அந்த வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்திருப்பாய், நானும் சரி அண்ணா என்று வாங்கியிருப்பேன். அதனால் நிறுத்தவில்லை. நம் பக்கத்தில் ரோட்டில் எதிரே யார் வந்தாலும் செய்வோமே, அது மாதிரி ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். யாரென்று தெரியாமலே நீயும் கையை ஆட்டினாய். அந்தத் தெரு முனை வரைக்கும் கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே போனேன். திரும்பிக் கில்பிக்கு வந்த பிறகுதான் உன் கடிதம் கிடைத்தது. இவர் பேரில் கோபப்படாதே. உன் முகத்தைப் பார்த்து ஒருநாளும் எனக்குச் சொல்ல வந்ததில்லை, எழுத வருகிறதா என்று பார்க்கிறேன். எனக்கு அந்த வீடு வேண்டாம், அண்ணா.